பால்வெட்டுக்காரரின் பட்டாளம்

சின்னத் தாத்தா கரிமூட்டத்துக்கு மரம் வெட்டப் போனால் நானும் பின்னாலேயே ஓடுவேன். சீமைக்கருவேல மரத்தைச் சாய்க்குமுன் அரிவாள் நுனியால் பட்டையில் ஒரு கோடு இழுப்பார். இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் சரிந்து இறங்கும் கோடு. "இப்பிடித்தான் அப்பு, ரப்பர் மரத்துல வெட்டணும். ஆழமாப் போனா மரம் காயப்பட்டுப் போகும். மேலாக்கக் கீறுனா பால் வராது." கோடு முடிகிற இடத்தில், பால் பிடிக்கும் மங்கு வைப்பதுபோல் உள்ளங்கையைக் குவித்துக் காட்டுவார். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் நின்றுகொண்டு மலேயாவை நான் அப்படித்தான் பார்த்தேன்.

1937-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர் அவர். கெடாவில் ஒரு தோட்டம். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பிறகு வெட்டு, நாள் முழுக்கக் கங்காணியின் வசவு. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும். மற்றதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்பவர், சைக்கிள் கதை வந்தால் மட்டும் சிரிக்கமாட்டார். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழர்கள், கூலி உயர்வோடு சேர்த்து, இந்த இறங்கி நிற்கும் வழக்கத்தையும் ஒழிக்கச் சொல்லிக் கேட்டார்கள் என்று பின்னாளில் படித்தேன். சோற்றுக்குச் சமமாக அதுவும் அவர்களுக்கு வலித்திருக்கிறது.

ஜப்பான்காரன் வந்ததும் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில்பாதை போடத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். தாத்தாவோடு ஒரே லயத்தில் இருந்த கூட்டாளி போனார், போனவர்தான். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்றபோது, பால்வெட்டும் பையன்கள் சாரைசாரையாகப் போய்ச் சேர்ந்தார்கள். ரயில்பாதைக்குத் தப்பத்தான் சேர்ந்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. தாத்தாவிடமே இதைக் கேட்டேன். "அதுவுந்தான்," என்றார் ஒளிவில்லாமல். "ஆனா அப்பு, அதுவரைக்கும் ஒருத்தனும் எங்களை நிமுந்து நில்லுன்னு சொன்னதில்ல. அங்கதான் கையில துப்பாக்கியைக் குடுத்து நிமுந்து நிக்கச் சொன்னாக."

இம்பால் சண்டைக்கு அவர் போகவில்லை. அவர் பார்த்தது பர்மாவின் ஐராவதி ஆறு. மலேயாத் தமிழர்கள் ஏராளமாக இருந்த நேரு ரெஜிமெண்ட், 1945 பிப்ரவரியில் பகான் அருகே அந்த ஆற்றங்கரையைக் காத்து நின்றது. குர்பக்ஷ் சிங் தில்லான் தளபதி. சுட்ட கதையைச் சொல்லச் சொல்லி நாங்கள் கேட்போம். அவர் ஆற்றைப் பற்றியே பேசுவார். அஞ்சாறு வைகையை ஒன்றாகச் சேர்த்துப் போட்டது மாதிரி இருக்குமாம். மேலே விமானம், எதிரே பீரங்கி, இவர்கள் கையிலோ ரைபிள். படகில் ஏறி வந்த பிரிட்டிஷ் படையிலும் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். "ரெண்டு பக்கமும் நம்ம புள்ளைகதான் அப்பு," என்பார். அதற்கு மேல் எவ்வளவு கெஞ்சினாலும் அந்தக் கதை நகராது.

ஒருநாள் என் வரலாற்றுப் புத்தகத்தில், இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீதான செங்கோட்டை விசாரணை பாடமாக வந்தது. ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், தில்லான். தாத்தாவை உட்கார வைத்து உரக்கப் படித்தேன். தில்லான் பெயர் வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எங்க கர்னல்!" என்றார். அப்பத்தாவைக் கூப்பிட்டு அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். பாடம் முடிந்தது. "அம்புட்டுத்தானா?" என்றார். "ஆமா தாத்தா." "தோட்டத்து ஆளுகளப் பத்தி ஒண்ணும் போடலையா?" புத்தகத்தைப் புரட்டிப் புரட்டித் தேடினேன். இல்லை. ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்களும் இல்லை.

விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு 1972-இல் மத்திய அரசு ஓய்வூதியம் அறிவித்திருந்தது. அப்பா விண்ணப்பத்தை வாங்கி வந்து நிரப்பினார். பொதுவாக ஆறு மாதமாவது சிறையில் இருந்திருக்க வேண்டும். ஆதாரம் இல்லாதவர்கள் உடனிருந்த கைதியிடம் சான்றிதழ் வாங்கி வைக்கலாம். ஆனால் போர் முடிந்ததும், தோட்டத்திலிருந்து சேர்ந்தவர்களில் பலரை வெள்ளைக்காரர்கள் விசாரித்துவிட்டு மலேயாவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாத்தா ரங்கூனில் அடைபட்டுக் கிடந்தது நாலு மாதம்.

"ஆறுன்னு எழுதித் தர ஆள் இருக்கு சித்தப்பா," என்றார் அப்பா.

"நாலுதானப்பா."

"நாலை ஆறாக்குனா யாருக்கு என்ன நட்டம்?" அப்பத்தாவுக்குத் தாங்கவில்லை. "ஊருல ஒருநாளும் பட்டாளத்துக்குப் போகாதவனெல்லாம் வாங்குறான்!"

"நெசமா ஆறு மாசம் கெடந்தவன் பக்கத்துல போயி நான் எப்பிடி நிக்கிறது?"

நாலு என்றே எழுதி அனுப்பினார்கள். பணம் வரவில்லை. தாத்தா அதைப் பற்றி வருந்தியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் எனக்குக் கோபம் இருக்கிறது, இன்றுவரை. வெள்ளைக்காரன் பூட்டி வைத்த நாட்களை எண்ணினார்கள். அவர் துப்பாக்கியோடு ஆற்றங்கரையில் நின்ற நாட்களை ஒருவரும் எண்ணவே இல்லை.