கொதிக்க வெச்சாலும் போகாதுங்க

ஓமலூர் பக்கம் அத்தை வீட்ல இன்னமும் போர் தண்ணிதான் குடிக்கறாங்க.
"நல்லா கொதிக்க வெச்சுத்தான் கண்ணு குடிக்கறோம்"னாங்க.
குண்டா அடியில வெள்ளையா உப்பு படிஞ்சு கெடக்கு.
பேரனோட முன்பல்லுல பழுப்பா கோடு.

பக்குனு ஆயிருச்சுங்க எனக்கு, தண்ணியில ஃபுளோரைடு அதிகமா இருந்து பல்லுல கறை விழுந்திருக்குமோன்னு.

கொதிக்க வெச்சா கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது. தண்ணி வத்த வத்த அதோட அடர்த்தி கூடத்தான் செய்யும்.
கேண்டில் ஃபில்டர்லயும் நிக்காது.
நிறமில்ல, வாசமில்ல, நாக்குக்கும் தெரியாது.

லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற தண்ணியே இல்லேன்னா 1.5 வரைக்கும்ங்குது இந்தியத் தரநிலை.
சேலம், நாமக்கல், அந்தப் பக்கம் தருமபுரி... நம்ம பாறையிலயே ஃபுளோரைடு இருக்குதுங்க.

ஆர்ஓ விக்க வர்றவங்க டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டுவாங்க. அது மொத்த உப்பைத்தான் காட்டும். ஃபுளோரைடு எவ்வளவுன்னு சொல்லாது.
ஆர்ஓ அதை எடுக்கும், நிஜந்தான். ஆனா கழிவாப் போற தண்ணியப் பாத்தா வயிறு எரியுது.
காவிரித் தண்ணி வர்ற வீட்ல, அதைக் குடிக்க, சமைக்கன்னு தனியாப் பிடிச்சு வெச்சுக்கலாம். போர் தண்ணி துணி துவைக்க இருக்கட்டும்.

ஒரு பாட்டில் பிடிச்சிட்டு வந்திருக்கேன். குடிநீர் வடிகால் வாரிய லேபுல குடுக்கணும். பையனைப் பல் டாக்டர்கிட்டயும் காட்டச் சொல்லியிருக்கேன்.

உங்க ஊரு போர் தண்ணிய யாராச்சும் டெஸ்ட் பண்ணிருக்கீங்களா? ஃபுளோரைடு எவ்வளவு வந்துச்சு?