ஆறலைப்பார் இல்லா ஆறு

தமிழில் ஆறு என்னும் சொல் நதியையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். ஆற்றுப்படை நூல்களைப் பாடம் நடத்தத் தொடங்கும் முதல் நாளிலேயே மாணவர்களுக்கு இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். பதினெட்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்த அந்தப் பொருள், கண்ணெதிரே விரிந்து கிடக்கக் கண்டது 2024ஆம் ஆண்டு மே மாதத்தில்தான். அப்பொழுது நான் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மலைக்காடு ஒன்றில், வாடகை மிதிவண்டியின் மேல் அமர்ந்திருந்தேன்.

கோடை விடுமுறையில் பிட்ஸ்பர்க் நகரில் வாழும் தம்பி வீட்டுக்குச் சென்றிருந்தேன். தம்பியின் மகளுக்குப் பதினேழு வயது. மிதிவண்டி என்றால் அவளுக்கு உணவும் உறக்கமும் வேண்டா. "மாமி, ஒரு நாள் என்னோட வாங்க. காரே வராத ரோடு" என்றாள். காரே வராத சாலை என்று ஒன்று இவ்வுலகில் இருக்கக்கூடும் என்பதை நான் நம்பவில்லை. அந்த நம்பாமைக்கு வயது ஏறத்தாழ முப்பது.

நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சிற்றூர். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தார்கள். கல்லுடைக்கும் பெண்கள், செவிலியர், ஆசிரியைகள் என்று பல்லாயிரவர் மிதிவண்டி ஏறிய காலம் அது. முஸ்லிம் பெண்களும் அவர்களுள் மிகுதி என்பதை இளைய தலைமுறைக்கு இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். என் அம்மாவும் 1992இல் கற்றுக்கொண்டார். இஷாத் தொழுகை முடிந்து ஊர் அடங்கிய பின், பள்ளிவாசலுக்குப் பின்புறத்துப் பொட்டலில், அத்தாவின் பெரிய வண்டியில் பயிற்சி நடக்கும். முதலில் முகம் சுளித்த அத்தாவே, மூன்றாம் நாள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். பிறகு அம்மா சீட்டுப் பணத்தில் பெண்கள் மிதிவண்டி ஒன்று வாங்கினார். அதிலேயே எனக்கும் கற்றுக்கொடுத்தார். சந்தைக்கு அம்மா, பள்ளிக்கு நான் என்று அவ்வண்டி ஓய்வின்றி உழைத்தது.

1995இல் எனக்குப் பதினைந்து வயது. பள்ளி விட்டு நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு பேருந்தை முந்திக்கொண்டு வந்த லாரிக்கு அஞ்சித் தார்ச்சாலையின் ஓரத்துக்கு ஒதுங்கினேன். ஓரமெங்கும் சரளை. சக்கரம் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தேன்; இடக்கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. லாரி நிற்கவில்லை. அத்தா வளைந்த சக்கரத்தை நேராக்கினார். அடுத்த வாரமே வண்டியை விற்றுவிட்டார். அது அம்மாவின் வண்டி. அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் தொடங்கிச் சந்தைக்கு நடந்தார்.

முஸ்லிம் வீட்டுப் பெண் மிதிவண்டியைக் கைவிட்டாள் என்றால் காரணம் இன்னதாகத்தான் இருக்கும் என்று கேட்பவர்களே முடிவு கட்டிக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை காரணம் ஒரு லாரி. பாலை வழியில் வழிப்போக்கரை அலைத்துப் பறித்தவர்களை ஆறலைகள்வர் என்று பழைய உரைகள் சொல்லும். அவர்கள் இப்பொழுது டீசல் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று வகுப்பில் நான் சொன்னால் மாணவியர் சிரிப்பார்கள். தமிழக அரசு மேல்நிலை வகுப்பு மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கிவருவது பாராட்டத்தக்கதே. ஆனால் வண்டியைக் கொடுத்த நாம் அதற்கு ஒரு வழியைக் கொடுத்தோமா?

இனி அந்த வழிக்கு வருகிறேன். கிரேட் அலகேனி பாசேஜ் என்பது அதன் பெயர். பிட்ஸ்பர்க்கிலிருந்து மேரிலாந்து மாநிலத்துக் கம்பர்லாந்து வரை 150 மைல், அதாவது ஏறத்தாழ 240 கிலோமீட்டர். இதன் மலைப்பகுதி 1912இல் வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே அமைத்த இருப்புப்பாதை, 1975இல் கைவிடப்பட்டது. தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டுப் பொடித்த சுண்ணாம்புக் கல்லைப் பரப்பி இறுக்கியிருக்கிறார்கள். ஒஹையோபைல் என்னும் ஊரில் முதல் துண்டு திறக்கப்பட்டது 1986இல். கடைசித் துண்டு இணைந்தது 2013இல். ஓர் இருப்புப்பாதை மிதிவண்டிப் பாதையாக மாறுவதற்குள் ஒரு தலைமுறை கடந்திருக்கிறது! கைவிடப்பட்ட இருப்புப்பாதை நிலங்களை இவ்வாறு காத்துவைக்க 1983இல் அந்நாட்டுச் சட்டம் இடமளித்ததும் இதற்குத் துணையாயிற்று.

ரயில் செங்குத்தாக ஏறாது. ஆகவே மலையை வெட்டியும் குடைந்தும் பள்ளத்தில் பாலம் போட்டும் சரிவை மட்டுப்படுத்தினார்கள். நூறு அடி சென்றால் இரண்டடிகூட உயராத ஏற்றம். நீராவி எஞ்சினுக்காகச் செய்த சலுகை, நாற்பது கடந்த என் முழங்கால்களுக்குப் பயன்பட்டது. மலைக்குள் புக எளிய வாயில் ஆறு வெட்டிய பள்ளத்தாக்குதான். ஆதலால் ரயிலும் ஆற்றையே பின்பற்றியது. யாக்கியகேனி, காசல்மன் என்னும் ஆறுகளின் கரையோடுதான் பாதை நெடுந்தூரம் செல்கிறது. நதியே வழி, வழியே நதி. நம் முன்னோர் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்ததன் பொருத்தம் அங்கே புலப்பட்டது.

முதல் நாள் ஒஹையோபைலிலிருந்து கன்புளூயன்ஸ் வரை சமதளத்தில் வெள்ளோட்டம். பிஸ்மி சொல்லி ஏறினேன். சக்கரத்தின் கீழ்ச் சரளை நொறுநொறுவென ஒலித்ததும் என் இடக்கை தானாக விறைத்தது. நூறு கெஜம் செல்வதற்குள் இருமுறை காலை ஊன்றிவிட்டேன். "டயர்ல காத்தைக் குறைச்சுத்தான் வச்சிருக்கேன் மாமி. கெட்டியா அடிச்சா கல்லுமேல துள்ளும். இது கல்லை அமுக்கிக்கிட்டுப் போகும்" என்றாள் மருமகள். அவள் வண்டி சரளைக்கென்றே செய்தது. சக்கரம் பருத்து, கைப்பிடி ஆட்டுக்கொம்புபோல் கீழ்நோக்கி வளைந்திருந்தது. எனக்குக் கிடைத்தது நேரான கைப்பிடி கொண்ட எளிய வண்டி. முக்காட்டின் மேல் தலைக்கவசத்தை இறுக்கி, சல்வாரின் காலைச் சங்கிலி கவ்வாதபடி ரப்பர் வளையம் மாட்டிவிட்டாள். மீண்டும் ஏறினேன். ஊர்ச்சாலை குறுக்கிடும் சில இடங்கள் தவிர, எந்த வண்டியும் எதிரே வரவில்லை. பின்னால் ஒலிப்பான் அலறவில்லை. ஆற்றின் அக்கரையில் மட்டும் சரக்கு ரயில் ஒன்று நெடுநேரம் போய்க்கொண்டிருந்தது. அரைமணி நேரம் கழித்துத்தான் நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காரெட் என்னும் ஊரிலிருந்து கம்பர்லாந்துக்கு ஏறத்தாழ 58 கிலோமீட்டர். தம்பி காரோடு கம்பர்லாந்தில் காத்திருப்பதாக ஏற்பாடு. காலையிலேயே சாலிஸ்பரிப் பாலம் வந்தது. 1,908 அடி நீளம். கீழே காசல்மன் ஆறும், வயல்களும், லாரிகள் விரையும் நெடுஞ்சாலையும். உயரத்திலிருந்து பார்த்தால் லாரிகள் தீப்பெட்டிகளாய்த் தெரிந்தன, உள்ளபடியே மகிழ்ந்தேன். பின்னர் மேப்பிளும் ஹெம்லாக்கும் அடர்ந்த காட்டினூடே மெல்லிய ஏற்றம். 2,392 அடி உயரத்தில் நீர்பிரி மேடு. அதற்குக் கிழக்கே விழும் மழை பொட்டோமாக் ஆறு வழியாக அட்லாண்டிக் கடலை அடைகிறது. மேற்கே விழுவது ஒஹையோவும் மிசிசிப்பியும் கண்டு மெக்சிகோ வளைகுடாவில் கலக்கிறது. ஒரே மேகத்துப் பிள்ளைகளுக்கு இருவேறு கடல்!

அடுத்து பிக் சாவேஜ் குகைவழி, ஒரு கிலோமீட்டர் நீளம். பனிக்கட்டி உறைந்து சுவரைச் சிதைக்காதிருக்கக் குளிர்காலத்தில் கதவிட்டு மூடிவிடுவார்களாம். மங்கலான விளக்குகளின் கீழ் மே மாதத்திலும் நடுங்கிக்கொண்டு சென்றோம். மறுவாயிலில் வெளிப்பட்டதும் மலை சட்டென விலகி மேரிலாந்துப் பள்ளத்தாக்குகள் நீலமாய் அடுக்கடுக்காகத் தெரிந்தன. இனிக் கம்பர்லாந்து வரை 35 கிலோமீட்டர், முழுவதும் இறக்கம்.

அங்கே நின்று அம்மாவை அலைபேசியில் அழைத்தேன். ஊரில் இரவு ஒன்பதரை. இஷாத் தொழுதுவிட்டு அமர்ந்திருந்தார்.

"அம்மா, நான் சைக்கிள் ஓட்டுறேன்."

மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. "லாரி வருமா?" என்றார்.

"வராதும்மா. வண்டியே விடமாட்டாங்க."

"ரோடு எப்படி?"

"சரளைம்மா."

மீண்டும் அமைதி. முப்பது ஆண்டுகளாகக் கேட்க எண்ணியதைக் கேட்டுவிட்டேன். "உங்க வண்டியை அத்தா வித்தப்ப ஏம்மா ஒண்ணும் சொல்லலை?"

"உன் கை கட்டோட இருந்துச்சு. வண்டியைப் பத்திப் பேசுற நேரமா அது?" என்றவர், "சரி, வண்டியைக் காட்டு பார்ப்போம்" என்றார்.

மருமகள் அலைபேசியைத் திருப்பிப் படத்தில் காட்டினாள். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெருங்கிப் பார்த்தார். "சீட்டு ஒசரம். கால் தரையில ஊன வேணாமா? கொஞ்சம் எறக்கச் சொல்லு. சரளையில எறங்கறப்ப முன்பிரேக்கை வெடுக்குனு பிடிச்சிராதே, வாரிவிட்டுரும். பின்னாடி மெள்ளப் பிடிச்சு விடு, பிடிச்சு விடு."

மருமகள் பையிலிருந்து திருகுசாவியை எடுத்து, அவர் போதும் என்று சொல்லும்வரை இருக்கையைக் கீழே இறக்கினாள்.