கூட இருக்கிறவங்க

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வாசலில், காலை ஆறரைக்கு முன்பே பாத்திரங்கள் வரிசையில் நிற்கின்றன. ஆட்கள் பிறகுதான். மதில் ஓரமாக முதலில் ஒரு தூக்குப்போசி. அதன்பின் மூடி தொலைந்த பிளாஸ்க், எவர்சில்வர் சொம்பு, தண்ணீர் பாட்டிலைப் பாதியில் அறுத்துச் செய்த டம்ளர். வைத்தவர்கள் வார்டுக்குள் ஓடியிருக்கிறார்கள். அது நர்ஸ் ஊசி போட வரும் நேரம், நோயாளியைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்கு அழைத்துப் போகும் நேரம். அவர்கள் திரும்பும்வரை பாத்திரங்களை யாரும் இடம் மாற்றுவதில்லை. புதிதாக வருகிறவர் குனிந்து பார்த்து, கடைசிச் சொம்புக்குப் பின்னால் தன்னுடையதை வைக்கிறார்.

உள்நோயாளிக்கு மருத்துவமனையே உணவு தருகிறது. படுக்கை எண்ணைக் கணக்கிட்டு வருகிற சாப்பாடு அது. அந்தப் படுக்கைக்குக் கீழே பாயை விரித்து, செருப்பைத் தலைமாட்டில் பத்திரப்படுத்திக்கொண்டு படுத்திருப்பவருக்கு எண் கிடையாது. சித்தேரி மலையிலிருந்து இறங்கி, அரூரில் பஸ் மாறி வந்த ஆயா. மகள் பிரசவத்துக்கு ஏரியூரிலிருந்து வந்த தாய். தகப்பனுக்கு நெஞ்சுவலி என்று கேட்டதும் திருப்பூரில் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த பையன். ஒகேனக்கல்லில் காவிரி விழுகிறது. மேட்டு நிலமோ மழையைத்தான் நம்பியிருக்கிறது. ஆகவே கூலி தேடி பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிறவர்கள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. ஒருவர் படுத்தால், கூட இருப்பவரின் கூலியும் அன்றே நின்றுபோகிறது. வெளியே ஓட்டலில் இரண்டு வேளை சாப்பிட்டால் 150 ரூபாய் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டு, ஒரு வேளையை விட்டுவிடுகிறவர்கள் இவர்கள். நோயாளிக்கு வந்த ரொட்டியில் இவர்கள் பாதியைத் தின்பதைப் பார்த்திருக்கிறேன். நோயாளியே வற்புறுத்திக் கொடுத்ததுதான் அது.

ஆட்டோ வந்து நிற்கிறது. இரண்டு அண்டா. மூடியைத் திறந்ததும் பூண்டும் சீரகமும் மணக்கின்றன. நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், மிளகு. அதோடு தூதுவளை, முசுமுசுக்கை இலைகள். வள்ளலார் வழியில் நடக்கும் சன்மார்க்க அன்பர்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் அரசு மருத்துவமனை வாசல்களில் ஊற்றுகிற மூலிகைக் கஞ்சி. நாலு மணிக்கே யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டில் அடுப்பு எரிந்திருக்க வேண்டும். கரண்டி பிடிக்கும் அக்காவின் சேலைத் தலைப்பில் இன்னும் சாம்பல்.

வாரத்தில் ஒரு நாள் ராகிக் கூழ். பென்னாகரம் பக்கத்து விவசாயி ஒருவர் அறுப்பு முடிந்ததும் அரை மூட்டை ராகி போட்டுவிட்டுப் போகிறாராம். அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு தரும் திட்டத்தை 2023இல் ரேஷன் கடைகளில் அரசு முதலில் தொடங்கியது நீலகிரியிலும் இந்தத் தருமபுரியிலும்தான். களி தின்று வளர்ந்த மாவட்டம். கூழ் ஊற்றும் நாளில் ஆயாக்கள் இரண்டாம் தடவையும் வந்து நிற்கிறார்கள், கூச்சமில்லாமல் நிற்கிறார்கள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இந்தக் கஞ்சிக்கு வழிகாட்டியது வடலூர். 1867 மே 23 அன்று வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த அடுப்பின் கீழே இருக்கும் நிலம் அதைவிடப் பெரிதாகப் படுகிறது. அங்கிருந்த பார்வதிபுரத்து மக்கள் பலர் சேர்ந்து, விலை வாங்காமல் எழுதிக்கொடுத்த 80 காணி அது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1967இல், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் உணவு வங்கி ஒன்றைத் தொடங்கினார். கடைகள் கழித்துப்போடும் நல்ல உணவைச் சேர்த்துவைக்க ஒரு கிடங்கு. உலகம் முழுவதும் இன்று அந்தப் பெயரில் கிடங்குகள் இருக்கின்றன. இந்த வாசலில் கிடங்கு இல்லை. ஒரு நோட்டு இருக்கிறது.

வரிசையை ஒழுங்குபடுத்தும் பெரியவரின் கக்கத்தில் இருக்கும் அந்த நீள நோட்டு, நாட்களின் நோட்டு. அமாவாசை, பௌர்ணமி, தைப்பூசம் எல்லாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே பெயர் ஏறி நிறைந்துவிடுகின்றன. குழந்தையின் பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி என்று மற்றவையும் வருகின்றன. சில நாளுக்கு மூன்று பேர் போட்டி. அடுத்த வாரத்துச் செவ்வாய்க்கோ யாருமில்லை. விசேஷம் எதுவுமற்ற நாட்களின் கதி இது. ஆனால் மருத்துவமனையில் வெறும் செவ்வாய் என்று ஒன்று கிடையாது. அன்றைக்கும் அதே வரிசை, அதே பாத்திரங்கள்.

அந்த நாட்களைத் தாங்குகிறவர்கள் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறார்கள். மாதம் 100 ரூபாய் தரும் பள்ளிக்கூட ஆசிரியை. ஒரு படி நொய் தரும் பூக்கடைக்காரம்மா. உழவர் சந்தையில் கீரை விற்றுவிட்டு, மிச்சமிருக்கும் இரண்டு கட்டைத் தினமும் விட்டுப்போகிறவர். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி விலை விழும்போது ரோட்டோரம் கொட்ட மனம் வராமல் இரண்டு கூடையை இறக்கிவிட்டுப் போகும் விவசாயி. அந்த வாரம் கஞ்சிக்குத் தக்காளித் தொக்கு. ஒரு படி நொய்யில் 20, 25 பேருக்குக் கஞ்சி ஆகும் என்கிறார் பெரியவர். பூக்கடைக்காரம்மாவுக்கு அது தெரியுமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

மண்டபத்தில் மிஞ்சிய சாம்பார் சாதத்தை எடுத்துக்கொள்கிறீர்களா என்று ஒருவர் காரை நிறுத்திக் கேட்கிறார். “எப்ப வடிச்சதுங்க?” என்று அக்கா கேட்கிறார். நேற்று ராத்திரி. வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிடுகிறார். 2014இல் கோவையில் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ போன்ற அமைப்புகள், மிஞ்சிய உணவைக் கெடுவதற்குள் எடுத்துப்போய்ச் சேர்ப்பதையே முழுவேலையாகச் செய்கின்றன. அதற்கு வண்டியும் வேகமும் வேண்டும். இரவெல்லாம் மூடிக் கிடந்த சோற்றை நோயாளியின் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பது தானமாகாது. அக்கா மறுத்தது சரி. வந்தவர் மனம் கோணாமல், “அரிசி இருந்தாக் குடுங்கண்ணா, இல்லாட்டி ஒரு நா காலையில வந்து பாத்திரம் கழுவிக் குடுங்க” என்று சொன்னது அதைவிடச் சரி.

பாத்திரம் கழுவ ஒரு கல்லூரி மாணவி வருகிறாள். காலேஜ் பஸ் எட்டு மணிக்காம். கையிலிருக்கும் வாட்ச்சைக் கழற்றி அண்டாவின் காதில் மாட்டிவிட்டு வேலை செய்கிறாள். இங்கே யாரும் போட்டோ எடுப்பதில்லை. வாங்குகிறவரிடம் எந்த ஊர், என்ன வியாதி என்று கேட்பதுமில்லை.

ஓர் இளைஞன் வரிசைக்கு வெளியே, புங்க மரத்தடியில் நெடுநேரமாக நிற்கிறான். கையில் குழந்தைகள் வார்டின் சீட்டு. கசங்கியிருந்தாலும் நல்ல சட்டை. அண்டாவைப் பார்ப்பதும் உடனே ரோட்டைப் பார்ப்பதுமாக இருக்கிறான். அக்கா அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“தம்பி, இந்த வாளியக் கொஞ்சம் புடிக்கிறியா? எனக்கு ஒரு கை பத்தல.”

வருகிறான். பிடிக்கிறான். பத்துப் பதினைந்து சொம்புகளுக்கு அவனே ஊற்றுகிறான். ஆயா ஒருத்தி, “போதும் கண்ணு” என்கிறாள். அவன் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறான். பிறகு அக்கா ஒரு டம்ளரை அவனிடம் நீட்டி, “நீயும் குடிச்சிரு, ஆறிப்போவும்” என்கிறார், வேலை செய்தவனுக்குச் சொல்வதுபோல. அவன் வாளியைக் கீழே வைக்காமலே குடிக்கிறான். இந்த அக்காவுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். சில ஆண்டுகள் வாங்குகிறவர்களின் முகத்துக்கு எதிரே நின்றதில் வந்ததாக இருக்கும்.

ஏழே காலுக்கு அண்டா காலி. இன்னும் நான்கு பேர் மிச்சம். ஒருவர் ஸ்கேன் எடுக்கப் போயிருந்து இப்போதுதான் வருகிறார். மாணவி எதிர்சாரி டீக்கடைக்கு ஓடுகிறாள். நான்கு டீ, நான்கு பன். கடைக்காரர் காசு வாங்காமல், நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லிக் கையசைக்கிறார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதுகிறார். எழுதிவிட்டு, அண்டாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்த அக்காவிடம் சொல்கிறார்:

“ரெண்டு நாளாவே பத்தலம்மா. நாளையிலருந்து ரெண்டு படி சேத்துப் போடணும்.”

“நொய்யி யாரு தர்றது?”

“கேக்கலாம். பஜார்ல ரெண்டு கடை பாக்கி இருக்குது.”