நாலு கோடு நோட்டு

2018 மே மாதக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் ஒரு உத்தரவு போட்டார். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது. சிபிஎஸ்இ பள்ளிகளை முன்வைத்து ஒரு வழக்கறிஞர் தொடுத்த வழக்கு அது. பறக்கும் படை அனுப்பிப் பார்க்கவும் சொன்னார். அதே நவம்பரில் மத்திய அரசின் சுற்றறிக்கையும் வந்தது: வீட்டுப்பாடம் வேண்டாம், அந்த வகுப்புகளின் பை ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது. 2020-இல் வந்த பள்ளிப் பைக் கொள்கை மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம் என்றது.

வாரத்துக்கு! நாகூரில் எங்கள் தெருவில் இதைச் சொன்னால் “ஒரு நாளைக்கா?” என்று கேட்பார்கள்.

எங்க லாத்தா மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், இங்கிலீஷ் மீடியம். நாலரைக்கு வேன் வந்து இறக்கிவிடும். ஒரு பிஸ்கட், முகம் கழுவல், தலையில் முக்காடு, ஓதப் போகணும். மஃரிப் பாங்கு சொன்ன பிறகு டியூஷன். எட்டு மணிக்குத் திரும்பி வந்தால் மிச்சம் இருக்கும் நாலு கோடு நோட்டு. இப்போது அதற்குப் பெயர் வீட்டுப்பாடம் இல்லை, ‘ப்ராக்டிஸ்’. உத்தரவு இந்த அளவுக்கு வேலை செய்திருக்கிறது. ஆபீஸில் ஏழு மணிக்கு மேல் ஒரு டிக்கெட் வந்தால் நாங்கள் எப்படிப் புலம்புவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ராத்திரி அவள் என்னிடம் பென்சிலை நீட்டினாள். “மாமா, நீங்க எழுதுங்க. கொஞ்சம் கோணலா எழுதணும். உம்மா அப்படித்தான் எழுதுவாங்க.” நோட்டைப் புரட்டினேன். பாதிப் பக்கங்கள் லாத்தாவுடையவை. நாற்பதை நெருங்கும் ஒரு பெண் ஏழு வயசுக் கையெழுத்தைப் பழகி வைத்திருக்கிறாள். டீச்சர் அதற்கு ஸ்டார் போட்டிருக்கிறார்.

“இதுக்கு எதுக்கு லாத்தா ஹோம்வொர்க்?” என்றேன். அவள் சொன்ன பதில்தான் இதை எழுத வைத்தது. “தம்பி, மச்சான் துபாய்ல இருக்காரு. ராத்திரி நோட்டை போட்டோ எடுத்து அனுப்புவேன். பிள்ளை என்ன படிக்கிதுன்னு அவருக்குத் தெரியிறது அதுலதான். கட்டுற ஃபீஸுக்கும் கணக்கு வேணும்ல.”

எனக்கு உடனே பதில் வரவில்லை. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்பவர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட முடிவு தெரியும்: உயர்வகுப்பில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரிகிறது, தொடக்க வகுப்பில் அது மிகக் குறைவு. அதை லாத்தாவிடம் சொல்லி என்ன பண்ண? அவள் பேசியது படிப்பைப் பற்றி இல்லை. சபுராளி வீடுகளில் முன்பு கடிதமும் கேசட்டும் போன வழியில் இப்போது நோட்டு போகிறது.

ஆனாலும் நான் வீட்டுப்பாடத்துக்கு எதிர்க்கட்சிதான். காரணம் லாத்தா வீடு இல்லை, பட்டினச்சேரி. அங்கே மீன் விற்கப் போகும் அம்மாவுக்குக் கோணலாக எழுதிக்கொடுக்க நேரமில்லை, பல பேருக்கு இங்கிலீஷும் இல்லை. இரண்டு நோட்டையும் ஒரே மேசையில் வைத்துத் திருத்தும்போது டீச்சர் திருத்துவது பிள்ளையை அல்ல, வீட்டை. ஸ்டார் யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி இதைச் சரியாகப் பிடித்தது என்று நினைக்கிறேன். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் வரை தெருவிலேயே ஒரு தன்னார்வலர். கதை, பாட்டு, விளையாட்டு. பாடத்தோடு ஆளும் கூட வந்தார்.

இப்போது லாத்தாவிடம் ஒன்று கேட்டுப் பார்த்திருக்கிறேன்: நோட்டு போட்டோவுக்குப் பதில் பிள்ளை தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிப்பதை வாய்ஸ் நோட்டாக அனுப்பலாமே. “அவரு நோட்டு எங்கன்னு கேப்பாரு” என்றாள். அன்றைக்கு இரண்டையும் அனுப்பினாள். மச்சான் வாய்ஸ் நோட்டை மூன்று தடவை கேட்டாராம். நோட்டில் ஒரு ஸ்பெல்லிங் தப்பு என்றும் சொன்னாராம். அந்தப் பக்கம் லாத்தா எழுதியது.