கட்டத்தாளில் என் பலமும் பலவீனமும்



இறுதியாண்டு வந்ததும் நம் எல்லோருக்கும் ஒரு வெள்ளைத்தாள் கொடுப்பார்கள். இன்டர்வியூவுக்குத் தயாராவதற்காம். நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் 'என் பலம்', வலப்பக்கம் 'என் பலவீனம்' என்று எழுத வேண்டும். முக்கால்வாசிப் பேர் இடப்பக்கம் 'கடின உழைப்பு' என்றும், வலப்பக்கம் 'ஆங்கிலம்' என்றும் எழுதி மடித்துக் கொடுத்துவிடுவோம். நானும் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கும் பெண். டிசைன் பாடம்தான் எனக்கு உயிர். இந்த மூன்று வருடங்களில் அந்தக் கோட்டுக்கு இடமும் வலமும் எப்படி மாறி மாறிப் போயின என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் சென்னிமலை. தறிச் சத்தம்தான் எனக்குத் தாலாட்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பாவுக்குத் தார் சுற்றிக் கொடுப்பது என் வேலை. நூலை விரலில் உருட்டிப் பார்த்து 'இது இத்தனையாம் நம்பர்' என்று ஓரளவு சொல்லிவிடுவேன். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை இருக்கிறதோ அதுதான் நூலின் நம்பர் என்று முதலாண்டில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். 40ஆம் நம்பர் என்றால் 33,600 கஜம். அதில் இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கினால் கணக்கில் 20ஆம் நம்பர்தான். வீட்டில் விரல் அறிந்திருந்ததை வகுப்பில் மூளை அறிந்து கொண்டது. 'அடடா, நமக்கு இது சுலபம்' என்று நினைத்தேன். இது இடப்பக்கம்.

வலப்பக்கம்? எனக்குப் படம் வராது! பூ வரைந்தால் காலிஃபிளவர் மாதிரி இருக்கும். என் பக்கத்து இருக்கையில் ஈரோட்டுத் தோழி ஒருத்தி. அவள் அப்பா பஸ் கண்டக்டர். தறியை முதன்முதலில் அவள் பார்த்ததே நம் லேபில்தான். ஆனால் பென்சிலை எடுத்தால் மயில் தோகை விரித்துவிடும். 'டிசைன் படிக்க வேண்டியவள் இவள்தான், நாம் எதற்கு வந்தோம்?' என்று பல நாள் ஹாஸ்டலில் தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு வட்டம் என்னைக் காப்பாற்றியது. துணியில் ஒரு அங்குல வட்டம் வர வேண்டும். அங்குலத்துக்குப் பாவு 48 இழை, ஊடை 40 இழை. தோழி சாதாரணச் சதுரக் கட்டத்தாளில் 48 கட்டம் அகலம், 48 கட்டம் உயரம் வைத்து அழகாக வட்டம் போட்டாள். தாளில் முழு நிலா. துணியிலோ உயரம் 1.2 அங்குலமாகி முட்டை! ஊடை 40தானே? உயரத்துக்கு 40 கட்டம்தான் வேண்டும். அதற்காகத்தான் 12க்கு 10 என்று கோடு போட்ட டிசைன் தாள் இருக்கிறது. தாளில் ஒவ்வொரு கட்டமும் ஒரு பாவும் ஒரு ஊடையும் சந்திக்கும் இடம். படம் வராத எனக்கு, எண்ண வந்தது. எண்ணுவதும் டிசைன்தான் என்று அன்றைக்குத்தான் தெம்பு வந்தது.

ஆனால் நண்பர்களே, கதை அங்கே முடியவில்லை.

இறுதியாண்டு புராஜெக்டுக்கு நாங்கள் இருவரும் ஜோடி. பெட்ஷீட்டில் ஒரு குத்துவிளக்கு, இருபுறமும் மயில். அகலம் 10 அங்குலம், உயரம் 10 அங்குலம் என்று வரைந்து வந்தாள். பிரான்ஸில் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804இல் உருவாக்கிய அந்தப் பெட்டி இன்னும் நம் லேபில் இருக்கிறதே, அதில் 240 கொக்கி. கொக்கிக்கு ஒரு பாவு இழை என்று வைத்தால், 48ஆல் வகுக்க 5 அங்குலம். அதற்கு மேல் அதே படம் திரும்ப வரும். நான் கணக்கைச் சொன்னேன். அவள் சும்மா கேட்டாள்:

"ஏண்டி, ரெண்டு மயிலும் ஒண்ணுதானே, மூஞ்சிதானே திரும்பியிருக்கு? ஒரு பக்கத்துக்குக் கொக்கி இருந்தா இன்னொரு பக்கமும் அதுலயே தூக்கக் கூடாதா?"

தூக்கலாம்! ஆர்னஸ் கயிற்றை நடுவிலிருந்து இருபுறமும் கண்ணாடி போலக் கட்டினால், ஒரே கொக்கி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு இழையைத் தூக்கும். 240 கொக்கியில் 10 அங்குலம். இந்தக் கட்டு பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் சொன்ன 5 அங்குலக் கணக்கும் சரிதான். ஆனால் அவள் கேட்ட கேள்வி எனக்கு எழுந்திருக்காது. ஏனென்றால் தறி என்றால் ஏற்கெனவே கட்டி வைத்த தறிதான் என் கண்ணுக்குத் தெரியும். பழக்கம் என் பலம். அதே பழக்கம் எனக்கு வேலியும்கூட. தறி தெரியாதது அவள் பலவீனம். அதனால்தான் அவளுக்கு வேலி தெரியவில்லை!

லேப் தறியில் கயிற்றை மாற்றிக் கட்டினோம். 10 அங்குல உயரத்துக்கு 40 வீதம் 400 ஊடை, ஊடைக்கு ஒன்றாக 400 அட்டை. இருவரும் மாறி மாறித் துளையிட்டோம். விளக்கும் மயிலும் துணியில் எழுந்தபோது லேப் உதவியாளர் அண்ணன்கூட வந்து நின்று பார்த்தார்.

அந்தத் துண்டை ஊருக்கு எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டினேன். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், ஓரத்தை இழுத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா நம்ம பெட்டில ஆர்னஸ் மாத்திக் கட்டி, அட்டை அடிச்சு, ஓட்டறதுக்குள்ள நாலு நாள் ஆவும். அந்த நாலு நாள் கூலிய யாரு குடுப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தாளிலும் பதில் இல்லை. அப்பாவுக்கு நெய்த துணிக்குத்தான் கூலி. தறி நின்ற நாளுக்கு இல்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய 11 வகைத் துணிகளில் பெட்ஷீட்டும் உண்டு. ஆனால் கடையில் வாங்குகிறவர் சட்டத்தைப் பார்த்தா வாங்குகிறார்? டிசைனைப் பார்த்துத்தான் வாங்குவார். புது டிசைன் வந்தால்தான் கைத்தறிக்கு வாழ்வு. புது டிசைன் வந்தால் நெய்கிறவருக்கு நாலு நாள் பட்டினி. இந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிவதுதான் டிசைனரின் நிஜமான பலம் என்று இப்போது நினைக்கிறேன். கயிற்றை மாற்றாமல், அட்டையை மட்டும் மாற்றி 5 அங்குலத்துக்குள் என்னென்ன புதுமை செய்யலாம் என்று நானும் தோழியும் இப்போது ஒரு நோட்டுப் போட்டு வரைந்து வருகிறோம். இதுவரை ஒன்பது டிசைன் தேறியிருக்கிறது.

வள்ளுவர் 'வலியறிதல்' என்று ஒரு அதிகாரமே வைத்தார். அதில் செய்யப் போகும் வேலையின் பலத்தைத்தான் முதலில் எடை போடச் சொல்கிறார். தன் பலம் அதற்கு அடுத்ததுதான். வேலையைச் சொல்லாமல் 'உன் பலம் என்ன?' என்று கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? வட்டம் போடும்போது பலமாக இருந்தது மயில் போடும்போது வேலியாகிவிடுகிறதே!

ஆகவே தம்பி தங்கைகளே, 'எனக்கு டிராயிங் வராது', 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று பொத்தாம் பொதுவாகச் சோர்ந்து போகாதீர்கள். எந்த வேலைக்கு, எவ்வளவு குறைகிறது என்று அளந்து பாருங்கள். அந்தக் குறை இல்லாத ஒருவர் பக்கத்து இருக்கையிலேயே இருக்கலாம். கடைசியாக ஒன்று. சிவில் படிப்பவர்கள் பிளானைக் கொத்தனாரிடமும், மெக்கானிக்கல் படிப்பவர்கள் டிராயிங்கைக் கடைசல்காரரிடமும் ஒருமுறை காட்டுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வியைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். டிப்ளமோ வாங்கிய பிறகும் நாம் படிக்க வேண்டிய பாடம் அதுதான்.

— இறுதியாண்டு மாணவி, ஜவுளித் தொழில்நுட்பத் துறை