டென்வருக்கு ஒரு பிட்சர்

டிசம்பர் மாதம். டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் பேஸ்பால் அரங்கில் மேல் அடுக்கு முழுக்கப் பனி. சுற்றிக்காட்ட வந்த பெரியவர் ஒரு நாற்காலியைக் கையுறையால் தேய்த்துவிடுகிறார். பச்சை நாற்காலிகளுக்கு நடுவே அந்த ஒரு வரிசை மட்டும் ஊதா. கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி, அதாவது சரியாக ஒரு மைல் உயரம் என்பதற்கு அது அடையாளம். கூட வந்தவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஊதாத் தொப்பிக்காரர் ஒருவர் மட்டும் எடுக்கவில்லை. கீழே, பிட்சர் நின்று எறியும் மேடு இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் கல்லூரி வயதில் மகள்.

"இந்தத் தடவை யாரை வாங்கப்போறாங்க?"

பெரியவர் சிரித்து மழுப்புகிறார். ஆட்டம் இல்லாத மாதங்களில் இந்த ஊரில் இதுதான் ஆட்டம். ஊர் அணியான கொலராடோ ராக்கீஸ் 2025இல் ஆடிய 162 ஆட்டங்களில் 119ஐத் தோற்றது. தொடர்ந்து மூன்றாவது வருடமாக நூறைத் தாண்டிய தோல்வி. மே மாதம் ஒருநாள் சான் டியாகோவிடம் 21-0 என்று அடி வாங்கினார்கள். மறுநாள் அதே அணியை ஜெயித்தார்கள். ஜெயித்த கையோடு மேனேஜர் பட் பிளாக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள்!

மட்டைக்காரர்களும் சரியில்லைதான். ஆனால் யாரும் அவர்களைப் பற்றிப் பேசக் காணோம். பிட்சர், பிட்சர், பிட்சர்.

பெரியவர் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துக் கொடுக்கிறார். தொப்பிக்காரரின் இரண்டு விரல்கள் தாமாகச் சிவப்புத் தையலில் போய் உட்காருகின்றன. காற்றைப் பிடித்துக்கொண்டுதான் பந்து வளையும். இந்த உயரத்தில் பிடித்துக்கொள்ளக் காற்று போதாது. வளைய வேண்டிய பந்து நேரே வருகிறது, அடிபட்ட பந்து இன்னும் தூரம் போகிறது. அதற்காக மைதானத்தை விரித்துக் கட்டினார்கள். விரிந்த இடத்தில் பந்து விழ இடைவெளி கூடியது. அரங்கத்தின் மின் பணியாளர் ஒருவர், காய்ந்து இறுகிய தன் வேட்டை பூட்ஸைப் பார்த்து, பந்தும் இப்படித்தான் காய்கிறதோ என்று யோசித்தாராம். 2002இலிருந்து பந்துகளை ஈரப்பத அறையில் வைக்கிறார்கள். பந்துக்கு வைத்தியம் ஆயிற்று, காற்றுக்கு ஆகவில்லை.

"பணத்தை இறக்கினா வராம போயிடுவாங்களா?" என்கிறார் தொப்பிக்காரர்.

"ஹாம்ப்டனுக்கு இறக்கினாங்களே அப்பா."

அவர் முகம் சுருங்குகிறது. 2000 டிசம்பரில் மைக் ஹாம்ப்டனை எட்டு வருடத்துக்கு 12.1 கோடி டாலர் பேசிக் கூட்டிவந்தார்கள். முதல் வருடம் அவர் மட்டையைப் பிடித்து ஏழு ஹோம் ரன் அடித்தார், பிட்சர் அடித்தது! எறிந்ததோ மோசம். இரண்டே வருடத்தில் வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். இங்கே வந்தால் தன் கணக்கு கெடும், அடுத்த ஒப்பந்தத்தில் விலை இறங்கும் என்று தெரிந்த பிட்சர், இரண்டு அணிகள் கூப்பிட்டால் இதையா தேர்ந்தெடுப்பான்? மகள் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. நான் வாய் திறக்கவில்லை.

பெரியவர் புது நிர்வாகி பால் டிபோடெஸ்டாவைப் பற்றிச் சொல்கிறார். ஒரு காலத்தில் ஓக்லண்டில் எண்களைக் கொண்டு அணி கட்டியவர், பிறகு பல வருடம் அமெரிக்கக் கால்பந்துப் பக்கம் இருந்தவர். தொப்பிக்காரர் தலையாட்டுகிறார். ஆமோதிப்பா, சலிப்பா, பிடிபடவில்லை.

சுற்று முடிந்து கடை. அவர் ஒரு ஊதா ஜெர்ஸியை எடுத்துப் பார்க்கிறார். முதுகில் யார் பெயர் போட என்று கடைப் பையன் கேட்கிறான்.

"ஒரு பிட்சர் பேரு. யாரை வாங்கறாங்கன்னு தெரியட்டும், பிப்ரவரியில வரேன்."

"21 போடுங்க. ஃப்ரீலண்ட்" என்கிறாள் மகள்.

"அவன் போன சீசன்ல பதினேழு ஆட்டம் தோத்தான்மா."

"இங்கேயே பிறந்து வளர்ந்தவன்பா. 2018இல இதே காத்துலதானே நல்லா எறிஞ்சான்? நீதானே என்னைக் கூட்டிட்டு வந்து காட்டினே?"

அவர் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கிறார். பிறகு சட்டையைப் பையனிடம் நீட்டி, எழுத்துக்குத் தனிக் காசா என்று கேட்கிறார்.