மிதிவண்டி, முதுகு, ஸுஜூது

ஆரணியில் குனிந்திருப்பது தொழிலின் இயல்பு. குழித்தறியின் பள்ளத்தில் கால்களை இறக்கி அமரும் நெசவாளர் நாள் முழுதும் மார்பைத் தறியின் பக்கம் சாய்த்தே இருக்கிறார். பட்டுக்கடையின் விரிப்பில் அமர்ந்து கணக்கெழுதுபவரும், அறுந்த இழையைத் தேடி முடிபோடும் பெண்மணியும் அவ்வாறே. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் பின்னால் வளைந்த முதுகுகள் பல உள்ளன.

இவ்வூரில் நாங்கள் சிலர் சுப்ஹு தொழுகைக்குப் பின் மிதிவண்டியில் புறப்படுகிறோம். ஒருநாள் திமிரி வழியாக ஆற்காட்டுச் சாலை. மற்றொரு நாள் கண்ணமங்கலம் நோக்கி வேலூர்ச் சாலை. நாற்பதைக் கடந்தவர்களே எங்களுள் அதிகம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் எங்களைச் சாலைக்கு அழைத்து வந்தன. மூச்சு சீரானது, உறக்கம் ஆழ்ந்தது, எடை சற்றே இறங்கியது, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் சில மாதங்களில் வேறொரு துன்பம் தலைகாட்டிற்று. ஒருவருக்குக் கழுத்து இறுகியது. ஒருவருக்கு இடுப்பின் முன்பகுதி வலித்தது. கணக்கெழுதும் நண்பர் ஒருவர் கீழ்முதுகு வலியால் பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழத் தொடங்கினார்.

இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் அனுமதி அளித்திருக்கிறது. அதில் குறைவு எதுவும் இல்லை. எனினும், ஐம்பதை எட்டாத ஒருவர் நெற்றியைத் தரையில் வைக்க முடியாமல் தவிப்பதைக் கண்டபோது, இந்த இயலாமையைத் தீர்க்க வழி உண்டா என்று தேடுவது எங்கள் கடமையாகத் தோன்றியது.

வேலூரில் பிசியோதெரபி பார்க்கும் உறவினர் ஒருவர் அந்நண்பரைச் சோதித்தார். நரம்பு அழுத்தமோ காலில் மரப்போ இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, எங்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு விளக்கம் தந்தார். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 4,800 முறை சுழல்கிறது. அத்தனை சுழற்சியிலும் இடுப்பு மூட்டு ஒருமுறைகூட முழுமையாக நிமிர்வதில்லை. ஆகவே தொடையை மேலே தூக்கும் முன்பக்கத் தசைகள் நாளடைவில் இறுகிக் குறுகுகின்றன. முதுகு வளைந்திருக்க, சாலையைப் பார்ப்பதற்காகக் கழுத்து மட்டும் மேல்நோக்கி நிமிர்கிறது. கால்கள் ஒரே தடத்தில் மேலும் கீழும் இயங்குவதால், இடுப்பைப் பக்கவாட்டில் தாங்கும் தசைகளுக்கும் வயிற்றின் உட்தசைகளுக்கும் போதிய வேலை கிடைப்பதில்லை. மிதிவண்டி இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லது. மூட்டுகளில் அதிர்ச்சி தராதது. ஆனால் பகலெல்லாம் குனிந்திருப்பவர் காலையிலும் கைப்பிடியின் மேல் குனிகிறார் என்றால், அவ்வுடலுக்கு எதிர்த்திசையிலும் ஓர் இயக்கம் வேண்டும்.

அவர் பரிந்துரைத்தவை இரண்டு: யோகாவின் சில நிலைகள், பிலாட்டீஸின் சில பயிற்சிகள். முன்னது இறுகியதை நீட்டித் திறக்கிறது. பின்னது நீண்டதைத் தாங்கும் வலிமையை நடுவுடலுக்குத் தருகிறது. எங்களுடன் வரும் நெசவாளர் நண்பர் இதைத் தம் தொழிலின் மொழியில் சொன்னார்: பாவு தொய்ந்தாலும் துணி கெடும், மிஞ்சி இறுகினாலும் இழை அறும்.

யோகா என்ற சொல்லைக் கேட்டதும் ஜமாஅத்தின் பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். அவரது கவலையைப் புறந்தள்ள முடியாது. யோகா என்பது உடற்பயிற்சியுடன் முடிவதன்று. பதஞ்சலி வகுத்த எட்டு அங்கங்களுள் ஆசனம் ஒன்றே ஒன்று. மற்றவை மனத்தையும் ஆன்மிகத்தையும் நோக்கிச் செல்பவை. மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் 2008ஆம் ஆண்டு, மந்திரமும் வழிபாடும் உடலசைவும் ஒன்றுகலந்த யோகாவைக் கூடாது என்று அறிவித்தது. அடுத்த சில நாள்களிலேயே, மந்திரம் ஓதாமல் உடலசைவாக மட்டும் செய்வதற்குத் தடையில்லை என்று அந்நாட்டுப் பிரதமர் அப்துல்லாஹ் அஹ்மத் பதாவி விளக்கம் அளித்தார். 2009 ஜனவரியில் இந்தோனேசிய உலமாக்கள் பேரவை, மந்திரமும் சடங்கும் சேர்ந்ததைத் தடுத்து, வெறும் உடற்பயிற்சியாகச் செய்வதை அனுமதித்தது. சவூதி அரேபிய அரசு 2017 நவம்பரில் யோகாவை விளையாட்டுப் பயிற்சிகளுள் ஒன்றாக ஏற்றது. அங்கு அதைப் பரப்பிய நூஃப் மர்வாயி என்னும் சகோதரிக்கு 2018இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. பதினோராம் நூற்றாண்டிலேயே அல்பீரூனி பதஞ்சலியின் யோக நூலை அரபியில் தந்தவர் என்பதையும் நினைவுகூர வேண்டும். ஒன்றை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் முன்னால் அதை அறிந்துகொள்வது நம் முன்னோர் காட்டிய வழி.

பிலாட்டீஸின் வரலாறு வேறு. 1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ், சிறுவயதில் ஆஸ்துமாவால் நலிந்தவர். முதல் உலகப் போரின்போது ஆங்கிலேயர் அவரை எதிரி நாட்டவர் என்று மான் தீவின் முகாமில் அடைத்தனர். அங்கு உடன் இருந்தவர்களுக்குத் தம் பயிற்சிகளைக் கற்பித்தார். 1926இல் நியூயார்க் சென்று பயிற்சிக்கூடம் நிறுவினார். உடலை மனத்தின் கட்டுப்பாட்டில் இயக்குவது என்னும் பொருள்பட அதற்குக் ‘கன்ட்ராலஜி’ என்று பெயரிட்டார். 1945இல் வெளிவந்த அவரது நூலில் விரிப்பின்மேல் செய்யும் 34 பயிற்சிகள் உள்ளன. அதில் வழிபாட்டுக் கூறு எதுவும் இல்லை.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது ஒன்று எங்களுக்குத் தெளிந்தது. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை ஊன்றி, இடுப்பை மேலே உயர்த்தும் நிலை யோகாவில் சேதுபந்தாசனம். ஏறக்குறைய அதே நிலை பிலாட்டீஸில் தோள்பாலம். இரண்டிலும் உடல் செய்வது ஒன்றே. தறியில் குனிபவர் ருகூஉ செய்வதாக எவரும் கருதுவதில்லை. விழுந்த நாடாவை எடுக்கத் தரையில் படிபவர் ஸுஜூது செய்வதாகவும் கருதுவதில்லை. அசைவுக்குப் பொருள் தருவது நிய்யத்தும், அதனுடன் சேரும் சொல்லும். எனவே மந்திரத்தையும், கதிரவனை வணங்கும் வரிசையையும், சிலையோ படமோ வைத்த கூடத்தையும் விலக்கினோம். முதுகுக்குத் தேவையான நிலைகளை எடுத்துக்கொண்டோம். ஹஜ்ரத் இதைக் கேட்டு, இந்த எல்லையைக் காத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுறுத்தினார். பெரியவருக்கு இன்னும் முழு மனநிறைவு ஏற்படவில்லை. அவர் தயக்கத்தை நாங்கள் மதிக்கிறோம்.

பயிற்சிக்கு வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிடம் போதுமானதாக இருக்கிறது. வண்டியை நிறுத்தி உடல் சூடாக இருக்கும்போதே தொடங்குகிறோம். ஒரு முழங்காலை ஊன்றி மறுகாலை முன்வைத்து, பின்காலின் தொடை முன்புறம் இழுபடும் வரை இடுப்பை மெல்ல முன்னகர்த்தி, ஐந்து ஆழ்ந்த மூச்சு வரை நிற்கிறோம். பின் கால் மாற்றுகிறோம். அடுத்து, குப்புறப் படுத்து மார்பை மட்டும் உயர்த்தும் புஜங்காசனம். கைகளால் உந்தாமல் முதுகுத் தசையால் எழ வேண்டும். அதன்பின் பிலாட்டீஸ்: மேற்சொன்ன பாலம் பத்து முறை, குப்புறப் படுத்து எதிரெதிர்க் கையையும் காலையும் மாறிமாறி உயர்த்தும் நீச்சல் பயிற்சி, பக்கவாட்டில் படுத்து மேற்காலை உயர்த்தி இறக்குவது. மூச்சை அடக்காமல், தொப்புளை மெல்ல உள்ளிழுத்தபடி செய்வது முக்கியம். பெண்கள் தம் வீட்டு அறையிலேயே பாய் விரித்து இவற்றைச் செய்கின்றனர். கருவியோ கட்டணமோ தேவைப்படவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. காலில் மரப்பு, மின்னல்போல் இறங்கும் வலி, சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம் ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பயிற்சி அதற்கு மாற்றாகாது. இருக்கையின் உயரம் தவறாக இருந்தாலும் எந்த ஆசனமும் உதவாது. இருக்கையில் அமர்ந்து, மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கும். இது எளிய அளவுகோல்.

கணக்கெழுதும் நண்பர் நான்கு மாதங்களுக்குப் பின் சுன்னத் தொழுகைகளைத் தரையில் தொழத் தொடங்கினார். நீண்ட தொழுகைகளில் நாற்காலி அவருக்கு இன்னும் தேவைப்படுகிறது. வலி முற்றிலும் போய்விடவில்லை, குனிந்து எழுதும் தொழிலும் மாறவில்லை. ஆனால் அரை மணிக்கொருமுறை எழுந்து, கைகளை இடுப்பில் ஊன்றிப் பின்னோக்கி நிமிரும் வழக்கம் அவருடையதாகிவிட்டது; கடையில் உடன் வேலை செய்பவர்களும் அவ்வாறே செய்கின்றனர்.

இடைவிடாது நோன்பும் இரவுத் தொழுகையும் மேற்கொண்டிருந்த தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்திலேயே அந்த உரிமையை மறக்கக் கூடாது என்றால், தறியிலும் கடையிலும் சாலையிலும் மறக்கலாகுமா? அல்லாஹ் நம் முதுகுகளுக்கு வலிமையையும், நெற்றி தரையில் படியும் நாள்களில் நீட்சியையும் தந்தருள்வானாக.